வளை தோண்டும் சிலந்திக்குக் கோகோபீட் மட்டும் போதாது

தோட்டம், தென்னை, மாடுன்னு எழுதிட்டிருந்தவன் திடீர்னு கண்ணாடித் தொட்டியில சிலந்தி வளர்க்கறதப் பத்தி எழுதறானேன்னு நினைப்பீங்க. சிலந்தியைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது கொஞ்சந்தானுங்க. ஆனா மண்ணைப் பத்திக் கொஞ்சம் தெரியும். இந்த விஷயத்துல பாதிக்கு மேல மண்ணு சமாச்சாரம். அதனாலதான் எழுதறேன்.

சொல்ல வர்றது ஒண்ணுதான். டாரன்டுலான்னு சொல்ற பெரிய சிலந்திகள்ல மரத்துல வாழறது உண்டு, தரையில திரியறது உண்டு, மண்ணுக்குள்ள வளை தோண்டிக் குடியிருக்கிறதும் உண்டு. இந்த மூணாவது வகையை வளர்க்க ஆசைப்படறவங்க தொட்டிக்கும் லைட்டுக்கும் அலங்காரத்துக்கும் செலவு பண்றதக் குறைச்சிட்டு, ஆழமான, கட்டிப் பிடிக்கிற, விஷமில்லாத மண்ணுக்கு மெனக்கெடணும். அது முடியாதுன்னா வேற வகையை வாங்கிக்கணும். கண்ணுக்குத் தெரியணுங்கிறதுக்காக நாலு விரக்கடை மண்ணைப் போட்டு ஒரு வளைச் சிலந்தியை அதுல விடறது, மாட்டைப் படுக்க முடியாத அளவுக்குக் கயித்தைக் குறுக்கிக் கட்டுற மாதிரி. உசிரோட இருக்கும். நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது.

எனக்கு இந்தப் பக்கம் பார்வை திரும்பினது அக்கா பையனாலதான். ஜெர்மனியில வேலை பார்க்கிறான். அங்க சிலந்தி வளர்க்கறது நம்ம ஊர்ல லவ்பேர்ட்ஸ் வளர்க்கற மாதிரி சாதாரணம். அவன் வெச்சிருக்கிறது கோபால்ட் புளூங்கிற வகை. மியான்மர், தாய்லாந்து காட்டுல ஆழமா வளை தோண்டி வாழற சிலந்தி. கால் நீலமா மின்னும். இது அங்கயே ஒருத்தர் வீட்டுல பொரிச்ச குஞ்சு. ஒரு நாள் வீடியோ கால்ல வந்தான்.

"மாமா, தோண்டுன வளை மூணாவது தடவையா இடிஞ்சு விழுந்துருச்சுங்க. இப்பப் பாருங்க, மேல வந்து மூலையில உக்காந்துட்டிருக்கு."

"என்ன மண்ணுடா மாப்ள போட்டிருக்கே?"

"மண்ணு இல்லீங்க மாமா, கோகோபீட். கடையில இதுதான் குடுத்தாங்க."

அட்டையைக் காட்டுறான். இந்தியாவுல தயாரிச்சதுன்னு போட்டிருக்கு. எங்க பொள்ளாச்சிப் பக்கத்து மட்டை மில்லுல இருந்து போனதாக்கூட இருக்கலாம். 650 கிராம் செங்கல்லாவும் 5 கிலோ கட்டியாவும் அழுத்தி, கன்டெய்னர்ல ஏத்தி உலகம் பூரா அனுப்பறாங்க. 5 கிலோ கட்டியைத் தண்ணியில போட்டா சுமார் 70 லிட்டர் தூளா உப்பி வரும். உலகத்துல பாதி சிலந்தித் தொட்டியில எங்க ஊருத் தென்ன மட்டைதான் கிடக்கும்போல. எனக்குப் பெருமைதான். ஆனாலும் உள்ளதச் சொல்லணுமில்ல.

கோகோபீட்டை நாம எதுக்கு வாங்கறோம்? நாத்து விட. குழித்தட்டுல போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, கட்டி தட்டாது, தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணியைப் பிடிச்சு வைக்கும், வேர் லேசா ஓடும், காத்துப் போகும். தக்காளி நாத்துக்கு இதைவிட நல்லது இல்ல. நாத்துக்கு நல்லதா இருக்கிற அதே குணம்தான் வளைக்குக் கெடுதல். ஒட்டாத பொருள்ல சுரங்கம் நிக்காது. ஈரம் இருக்கிற வரைக்கும் ஏதோ நிக்கும். காய ஆரம்பிச்சா சுருங்கி, தொட்டி ஓரத்துல இடைவெளி விட்டு, பொலபொலன்னு உதிரும். ஜெர்மனியில குளிர்காலத்துல வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடும், காத்து காஞ்சு கிடக்கும். அங்க இன்னும் சீக்கிரம் உதிரும்.

இதுக்கு ஒரு மறுப்பு உண்டு. "நாங்க வருஷக்கணக்கா கோகோபீட்லதான் வளர்க்கறோம், சிலந்தியே உள்ள நூல் சுத்திப் பூசிக்கும், ஒண்ணும் ஆகல"ம்பாங்க. உண்மைதான். சிலந்தி தன் நூலால வளைச் சுவரைப் பூசி இறுக்கும். நல்லா அழுத்தி, ஈரம் குறையாமப் பார்த்துக்கிட்டா கோகோபீட்லயும் ஓட்டலாம். விரல் நுனி அளவு குஞ்சுக்குச் சின்ன டப்பாவுல அது போதும். நான் கேக்கறது வேற. அஞ்சு இஞ்ச் கால் வீச்சு உள்ள முழுச் சிலந்தி பத்துப் பதினஞ்சு வருஷம் ஒரே இடத்துல குடியிருக்கப் போகுது. அதுக்கு ஏன் நித்தம் மராமத்து பாக்கற வீட்டைக் குடுக்கணும்? ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தா சரிஞ்சிருமோன்னு பயப்படற வீடு ஒரு வீடா?

வளைன்னா அதுக்கு என்னங்கறதப் புரிஞ்சுக்கணும். வெளிய வெயில் கொளுத்தும்போது ஒரு அடிக்குக் கீழ மண்ணு குளுகுளுன்னு இருக்கும். தென்னைக்குக் குழி எடுத்தவங்களுக்குத் தெரியும். மேல காஞ்சு கிடந்தாலும் கீழ ஈரம் இருக்கும். சிலந்தி அந்தக் குளுமைக்கும் ஈரத்துக்கும்தான் கீழ போகுது. வளை வாயில உக்காந்துதான் இரை பிடிக்கும். சட்டை உரிக்கறதும் உள்ளதான். சட்டை உரிக்கும்போது பெரும்பாலும் மல்லாந்து படுத்துக்கும். உரிச்ச புதுசுல உடம்பு மெத்துனு இருக்கும், பல்லு வெள்ளையா, கடிக்கற பலம் இல்லாம இருக்கும். அந்த நேரத்துல கூரை இடிஞ்சு மேல விழுந்தா கால் கோணலாப் போகலாம், உசிரே போகலாம். அதனாலதான் இது அழகு சமாச்சாரம் இல்லீங்கறேன்.

ஆஸ்திரேலியாவுல நடந்த ஒரு விஷயம் இதுக்குப் பொருத்தமா இருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவுல கோதுமை விளையற பகுதியில ஒரு துண்டுக் காடு. அங்க பார்பரா யார்க் மெயின்ங்கிற ஆராய்ச்சியாளர் 1974-ல இருந்து கதவுச் சிலந்திகளோட வளைகளுக்கு நம்பர் போட்டுக் கவனிச்சு வந்தாங்க. கதவுச் சிலந்தி டாரன்டுலா இல்ல, ஆனா அதுக்குப் பங்காளி முறை. அதுல 16-ஆம் நம்பர் பெண் சிலந்தி 43 வருஷம் உசிரோட இருந்துச்சு. அத்தனை வருஷமும் அதே வளை. கடைசியில 2016-ல ஒரு குளவி கொட்டித்தான் போச்சுன்னு முடிவு பண்ணுனாங்க. கோதுமைக்காரங்க ரெண்டு தலைமுறை மாறியிருப்பாங்க, அந்தச் சிலந்தி வீடு மாறல. இப்படிப்பட்ட இனத்தைத் தொட்டியில வெச்சுட்டு, மாசம் ஒருக்கா "சுத்தம் பண்றேன்"னு மண்ணைக் கொட்டி மாத்தறவங்களும் இருக்காங்க. வேண்டாங்க. இரை மிச்சம், கழிவு தெரிஞ்சா இடுக்கியில எடுத்தாப் போதும்.

சரி, எந்த மண்ணு?

நம்ம ஊர்ல இருக்கறவங்களுக்குச் செம்மண்தான் என்னோட சிபாரிசு. கரிசல் வேண்டாம். கரிசல்ல பிடிப்பு அதிகம்தான், ஆனா நனைஞ்சா உப்பும், காஞ்சா சுருங்கி வெடிக்கும். சித்திரையில பருத்திக் காட்டு வெடிப்புல கையே உள்ள போகுமே, அது ஒரு அடித் தொட்டிக்குள்ள நடந்தா என்ன ஆகும்? வெறும் ஆத்துமணல் சுத்தமா ஆகாது. காஞ்சா ஓடும், ஈரமும் நிக்காது. தொழு உரம், மண்புழு உரம் கலந்த மண்ணும் வேண்டாம், பூசணம் பூக்கும், சூடு கிளம்பும். கடையில விக்கற "பாட்டிங் மிக்ஸ்"ல உரம் சேர்த்திருப்பாங்க, அதுவும் வேண்டாம். பைன், சீடர் மாதிரி வாசனை மரத்தூளைப் பக்கத்துலயே கொண்டு போகாதீங்க, அந்த எண்ணெய் சிலந்திக்கு ஆகாது.

மண்ணுல களி எவ்வளவு இருக்குன்னு பார்க்க லேப் வேண்டாம். நனைச்சுப் பிசைஞ்சு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல நசுக்கி நாடா மாதிரித் தள்ளுங்க. நாடாவே வரலைன்னா மணல் ஜாஸ்தி. ரெண்டு இஞ்சுக்கு மேல நீளமாப் போச்சுன்னா களி ஜாஸ்தி. ஒரு இஞ்சுல இருந்து ரெண்டு இஞ்சுக்குள்ள ஒடிஞ்சா அதுதான் நமக்கு வேண்டியது. நம்பிக்கை வரலைன்னா ஒரு கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண்ணு, மிச்சம் தண்ணி ஊத்திக் குலுக்கி வைங்க. மணல் ஒரு நிமிஷத்துல அடியில உக்காரும், வண்டல் சில மணி நேரத்துல, களி அடங்க ஒரு நாளுக்கு மேல ஆகும். மூணு அடுக்கும் தெளிவாத் தெரியும்.

நான் மாப்ளைக்குச் சொன்ன கலவை, ஆறு பங்கு மண்ணு, மூணு பங்கு கோகோபீட், ஒரு பங்கு மணல். மண்ணு கட்டிப் பிடிக்க, கோகோபீட் ஈரம் நிறுத்த, மணல் இறுகிப் பாறையாகாம இருக்க. இது வேதவாக்கு இல்ல. மண்ணுல களி கூட இருந்தா மணலைக் கூட்டுங்க, குறைவா இருந்தா கோகோபீட்டைக் குறைங்க. ஈரக்காட்டுச் சிலந்திக்குக் கோகோபீட் கொஞ்சம் கூடலாம். கிழக்கு ஆப்பிரிக்காவுல கென்யா, தான்சானியா பக்கத்துப் புல்வெளியில வளை தோண்டற கிங் பபூன் மாதிரி வறண்ட நிலத்துச் சிலந்திக்கு மண்ணைக் கூட்டணும். அதுக்குப் பின்னங்கால் ரெண்டும் உலக்கை மாதிரி தடிச்சிருக்கும். கெட்டி மண்ணுக்குன்னே பொறந்தது.

ஜெர்மனியில செம்மண்ணுக்கு எங்க போறது? அங்க சிலந்தி வளர்க்கறவங்க மோல் தள்ளின மண்ணை அள்ளிக்கறாங்களாம். மோல்ங்கறது தரைக்கடியில வளை தோண்டித் திரியற ஒரு சின்னப் பிராணி, கீழ் மண்ணைப் புல்வெளியில குவியல் குவியலா மேல தள்ளி வைக்கும். கல்லு இல்லாம, சலிச்ச மாதிரி, நல்ல பிடிப்புள்ள மண்ணு. வளை தோண்டற ஒரு ஜீவன் தள்ளின மண்ணை இன்னொண்ணுக்குக் குடுக்கறாங்க. கேட்டதும் எனக்குப் பிடிச்சுப் போச்சு. அது கிடைக்கலைன்னா, தொட்டிகளுக்குன்னே களிமண் பொடியும் பாக்கெட்ல வருதாம். ஆனா மருந்து அடிக்காத புல்வெளியாப் பாத்து எடுடான்னு திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மருந்துன்னதும் நம்ம ஊருக்கு வந்துடறேன். இதுதான் முக்கியம். "செம்மண்ணுதானே, தோட்டத்துல அள்ளிக்கலாம்"னு நினைக்காதீங்க. இன்னைக்கு எத்தனை தோட்டத்து மண்ணு சுத்தமா இருக்கு? 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்ததுல இருந்து தென்னைக்கு என்னென்ன அடிச்சாங்கன்னு எங்களுக்குத் தெரியும். இமிடாகுளோபிரிட் மாதிரி மருந்து மண்ணுல மாசக்கணக்குல நிக்கும். கரையானுக்கு ஊத்தற மருந்து, வாழைக்குப் போட்ட குருணை எல்லாம் இதுல சேத்தி. ஃபோரேட் குருணையை 2020 கடைசியோட தடை பண்ணிட்டாங்க, அதுக்கு முன்னாடி அது விழாத வாழைக்காடு கொஞ்சம். பூச்சியைக் கொல்லறதுக்குன்னே செஞ்ச மருந்து எட்டுக்கால் பூச்சியை மட்டும் விட்டுடாது. அது அந்த மண்ணுக்குள்ளயே ராப்பகலாப் படுத்துக் கிடக்கப் போகுது.

வெயில்ல காயப் போட்டா சரியாயிடும்னு சிலர் சொல்றாங்க. மண்ணை நனைச்சு, கண்ணாடி பாலித்தீன் போட்டு மூடி, ரெண்டு வாரம் வெயில்ல வெச்சா எறும்பு, பூரான், களை விதை எல்லாம் போகும். அது செய்ய வேண்டியதுதான், ஏன்னா பூரான் முட்டையோ எறும்போ உள்ள போனா சட்டை உரிச்ச சிலந்திக்கு ஆபத்து. ஆனா மருந்து போயிடும்னு நம்பாதீங்க. உழவே இல்லாத மேட்டுநிலம், வீடு கட்டக் கடக்கால் தோண்டறப்ப நாலடிக்குக் கீழ இருந்து வர்ற மண்ணு, இந்த மாதிரி வரலாறு தெரிஞ்ச மண்ணா எடுங்க. அந்த நிலத்துல என்ன அடிச்சோம்னு சொல்ல ஆள் இல்லாத மண்ணைத் தொடவே தொடாதீங்க.

கோகோபீட்லயும் ஒரு விஷயம் பாக்கணும். உப்பு. கழுவாத தூள்ல உப்பு அதிகம். நர்சரிக்காரங்க ஈ.சி. 0.5-க்குக் கீழ இருக்கான்னு கேட்டு வாங்குவாங்க, நீங்களும் அப்படியே கேளுங்க. இல்லைன்னா ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில ஊற வெச்சுப் பிழிஞ்சுக்கங்க. மக்க வெச்ச நார்க்கழிவு உரம் வேற, கோகோபீட் வேற. உரத்துக்கு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் போட்டு மக்க வைக்கறாங்க. வயலுக்கு அருமை, சிலந்திக்கு ஆகாது.

இனி தொட்டி. அகலத்தை விட உயரம் முக்கியம். முழுச் சிலந்திக்கு ஒரு அடிக்கு ஒரு அடி தரை போதும், மண்ணு எட்டு இஞ்சுக்குக் குறையக் கூடாது, பத்து பன்னெண்டு இருந்தா நல்லது. மண்ணுக்கு மேல மூடி வரைக்கும் நாலஞ்சு இஞ்ச் விட்டாப் போதும். மேல ஒரு அடி காலியா விட்டா அழகா இருக்கும்தான், ஆனா சுவத்துல ஏறி விழுந்தா வயிறு வெடிச்சுப் போகும். வயித்துத் தோல் அவ்வளவு மெல்லிசு. பக்கவாட்டுல, மண் மட்டத்துக்கு மேல, ரெண்டு எதிர்ச் சுவத்துலயும் சின்னச் சின்ன ஓட்டை. காத்து ஒரு பக்கம் நுழைஞ்சு இன்னொரு பக்கம் போகணும். மூடிக்குக் கொக்கி கண்டிப்பா வேணும். கோபால்ட் புளூ மாதிரி ஆசியச் சிலந்திகளுக்கு உதறிவிடற முடி கிடையாது, அதனால சட்டுனு கடிக்கும், ஓட்டமும் மின்னல் ஓட்டம். கடிச்சா வலி சாமானியமில்ல.

எடையை யாரும் யோசிக்கறதில்ல. 30 சென்டிமீட்டர் நீள அகலத்துல 25 சென்டிமீட்டர் ஆழம்னா 22 லிட்டருக்கு மேல மண்ணு. ஈரமா அழுத்தினா 30 கிலோ பக்கம் வந்துடும். மெல்லிசுக் கண்ணாடி, ஆடற மேசை தாங்காது. வெச்ச இடத்துலயே நிரப்புங்க. நிரப்பிட்டுத் தூக்கிட்டுப் போனா குலுங்கின குலுக்கல்ல உள்ளுக்குள்ள விரிசல் விடும்.

நிரப்பற விதம் பழைய காலத்து மண் சுவர் வைக்கற மாதிரிதான். எங்க தாத்தா காலத்துச் சுவரெல்லாம் ஒரே நாள்ல எழுப்பினது கிடையாது. ஒரு படை வெச்சு, அது இறுகின பிறகு அடுத்த படை. தொட்டியிலயும் அப்படியே. கலவை, கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், பிழிஞ்சாத் தண்ணி சொட்டக் கூடாது. ரெண்டு இஞ்ச் போட்டு மரக்கட்டையால நல்லா அழுத்தணும், அப்புறம் அடுத்த ரெண்டு இஞ்ச். பொலபொலன்னு கொட்டிவிட்டுட்டு "சிலந்தி தோண்டிக்கும்"னு விட்டா, அது தோண்டத் தோண்டச் சரியும், கடைசியில தோண்டறதையே விட்டுடும். மேல ஒரு ஓரமா மரப்பட்டை ஒண்ணைச் சாய்ச்சு வெச்சு, அதுக்கடியில ஒரு பைப்பைச் சாய்வாச் சொருகி எடுத்து மூணு நாலு இஞ்சுக்கு ஓட்டை போட்டுக் குடுங்க. அங்க இருந்து அதுவே வேலையை ஆரம்பிச்சுக்கும்.

தண்ணி விடறதுல நம்ம ஆளுங்க செய்யற அதே தப்பைத்தான் அவங்களும் செய்யறாங்க. தினமும் மேலாகத் தெளிக்கறது. மேல் மண்ணு சதும்பிப் பூசணம் பிடிக்கும், கீழ வறண்டே கிடக்கும். தென்னைக்கு மேலாகத் தெளிச்சா வேருக்குப் போகுமா? தொட்டி மூலையில ஒரு அரை இஞ்ச் பைப்பை அடிவரைக்கும் நட்டு, வாரம் பத்து நாளைக்கு ஒருக்கா அதுல கொஞ்சமா ஊத்துங்க. அடியில ஈரம், மேல காய்ச்சல், நிலம் இயற்கையில எப்படி இருக்குமோ அப்படி. எவ்வளவு ஈரம் வேணுங்கறதைச் சிலந்தி தானே மேல கீழ போய்த் தேர்ந்தெடுத்துக்கும். ஈரம் வேற, சகதி வேற, அதை மட்டும் மறக்க வேண்டாம். குடிக்க மேல ஒரு சின்னக் கிண்ணத்துல தண்ணி. குப்பைக்குழி ஈரத்துல துள்ளற வெள்ளைப் பூச்சி இருக்கே, ஸ்பிரிங்டெயில்ம்பாங்க, அதைக் கொஞ்சம் விட்டா பூசணத்தை அது தின்னு தீர்த்துடும்.

குளிர் நாட்டுக்காரங்களுக்கு ஒண்ணு. தொட்டிக்கு அடியில சூடு தர்ற பாயை விரிக்கறாங்க. இதை விட மோசமான யோசனை இல்லீங்க. காட்டுல கீழ போனாக் குளுமை, அது அந்த இனத்தோட ரத்தத்துல ஊறினது. சூடு தாங்காம இன்னும் கீழ போகும், கீழதான் அடுப்பே இருக்கு. ரூம் சூடா இருந்தா அதுவே போதும். பத்தலைன்னா பக்கச் சுவத்துல, மண்ணுக்கு மேல் பகுதியில, தெர்மோஸ்டாட் போட்டு வைக்கட்டும். நம்ம ஊர்ல இந்தக் கவலையே கிடையாது, ஜன்னல் வெயில் நேரா விழாமப் பாத்தாப் போதும்.

இவ்வளவும் செஞ்சா என்ன கிடைக்கும்? ஒரு ஓட்டை. ஆமாங்க, பகல்ல பார்த்தா மண்ணும் ஒரு ஓட்டையும்தான் தெரியும். வளர்க்கறவங்களே இதை "வளர்ப்பு ஓட்டை"ன்னு கிண்டல் பண்ணிக்குவாங்களாம். ராத்திரி விளக்கை அணைச்சிட்டுக் காத்திருந்தா நாலு காலு வெளிய நீட்டும். வளை வாயை மண்ணு வெச்சு அடைச்சுட்டு வாரக்கணக்குல வராமயும் இருக்கும், சட்டை உரிக்கப் போகுதுன்னு அர்த்தம். செத்துப் போச்சோன்னு தோண்டிப் பாக்கறவங்க, அந்தத் தோண்டல்லயே கொன்னுடறாங்க. விதை போட்டுட்டு முளைச்சுதான்னு தினம் நோண்டிப் பாக்கற குழந்தை கதைதான். இந்தப் பொறுமை இல்லாதவங்க தரைமேல திரியற வகையையோ மர வகையையோ வளர்க்கலாம், ஒண்ணும் குறைச்சல் இல்ல. சிலந்தி வெளிய வரணுங்கறதுக்காக மண்ணைக் குறைக்கறது மட்டும் நியாயமில்ல.

கடைசியா நம்ம மலையைப் பத்தி. மேற்குத் தொடர்ச்சி மலையில வளை தோண்டற டாரன்டுலா பல வகை இருக்கு. கர்நாடகா, கோவாப் பக்கம் ரோட்டுக்கு மலையை வெட்டின மண் கரைகள்லகூட நூல் பூசின வளை வாய் தெரியும். இதுகளைத் தோண்டி எடுத்து வித்தா காசுன்னு சில பேருக்குத் தெரிஞ்சிருக்கு. ஆந்திராவுல கூத்தி ரயில் நிலையத்து மரக்கிடங்குல கிடைச்ச ஒரே ஒரு நீலச் சிலந்தியை வெச்சு 1899-ல போகாக் பேர் வெச்சாரு. நூறு வருஷம் கழிச்சுக் காட்டுல மறுபடி கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கு அது வெளிநாட்டுத் தொட்டிகள்ல சாதாரணம், சொந்தக் காட்டுல அழிவோட விளிம்புல. அது மரச் சிலந்தி, அந்தப் பேரினத்தையே 2019-ல சைட்டிஸ் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. மண்ணுக்குள்ள இருக்கறதுக்கு அந்தக் கவனிப்புகூட இன்னும் வரல.

காட்டுல இருந்து எடுக்கறது சட்டப்படியும் சிக்கல்தான். சட்டத்தை விடுங்க, மண்ணுக்காரனா ஒண்ணு சொல்றேன். வருஷக்கணக்குல இறுகின மண்ணை ஒரு தடவை வெட்டிட்டா, திருப்பிப் போட்டு மூடினாலும் பழைய கட்டு வராது. வரப்பை வெட்டி விட்டவனுக்கு இது தெரியும். ஒரு வளையைத் தோண்டி எடுத்தா ஒரு சிலந்தி மட்டும் போகல, அந்த இடத்துல அடுத்தது குடி வர்றதுக்கான வாய்ப்பும் சேர்ந்து போகுது. அதனால தொட்டியில பொரிச்ச குஞ்சு தவிர வேறெதையும் வாங்காதீங்க. எங்க பொரிச்சது, யாருகிட்ட இருந்துன்னு கேட்டுச் சொல்லத் தெரியாதவங்ககிட்ட வாங்காதீங்க. நம்ம வரப்புல, மேட்டுல ஓட்டை வாயில நூல் பூசின சின்ன வளை தெரிஞ்சா டாரன்டுலாவோ, ஓநாய்ச் சிலந்தியோ, எதுவா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும். கடப்பாரையோட போகாதீங்க, களைக்கொல்லியும் அடிக்காதீங்க. பூச்சி பிடிக்கிற கூலி கேக்காத ஆளு அது.

இத்தனைக்கும் மேல ஆசை இருக்கறவங்களுக்கு ஒரு வழி சொல்றேன். சிலந்தி வாங்கறதுக்கு முன்னாடி தொட்டியை வாங்கி, நான் சொன்ன மாதிரி மண்ணைப் படை படையா நிரப்பி, பைப்பைச் சொருகி அரை அடிக்கு ஒரு ஓட்டை போட்டு, மூணு வாரம் சும்மா வைங்க. மேல் மண்ணு காயட்டும், அடியில பைப் வழியா ஈரம் குடுங்க. மூணு வாரம் கழிச்சும் அந்த ஓட்டை இடியாம, வெடிக்காம, பூசணம் பூக்காம நின்னா நீங்க தயார். இடிஞ்சுதுன்னா கலவையை மாத்தி மறுபடி வைங்க. மாப்ள இப்பப் புது மண்ணுல அந்த மூணு வாரக் கணக்குலதான் இருக்கான். சிலந்தி அதுவரைக்கும் ஒரு டப்பாவுல தற்காலிகமாக் குடியிருக்கு. உங்களுக்கு அந்தத் தொந்தரவு வேண்டாம். ஓட்டை நிக்கற வரைக்கும் காசு பையிலேயே இருக்கட்டும்.